தம்பியைத் தேடிய விளம்பரம்

மனைவி இறந்த பிறகு லண்டன் டூட்டிங்கில் உள்ள வீட்டில் பேச ஆளில்லாமல், இணையத்தில் அமெரிக்க வரலாற்று வகுப்பொன்றில் சேர்ந்தேன். ஒரு மாலை, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் பிரிந்துபோன உறவுகளைத் தேடிப் பத்திரிகைகளில் போட்ட விளம்பரங்களைப் படித்தோம். தம்பியைத் தேடிய ஒருவரின் விளம்பரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். இலங்கைப் போரில் காணாமற்போன என் தம்பியை நானும் இப்படித்தான் தேடினேன். ஆசிரியை வேறொருவரை வாசிக்கச் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, தம்பியைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பமே?"

"என்னால ஏலாதடா," என்றார். "வேற ஏதாவது கதை."

குளிரைப் பற்றிக் கதைத்தோம். பிறகு தனியே உட்கார்ந்து, தம்பி எப்படிச் சிரிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.