கத்தரீனா அக்கா வாங்காத நன்மை

என் அக்கா கத்தரீனாவுக்கு அறுபத்திரண்டு வயது. குருநகரில் விடியற்பூசைக்கு முதல் ஆளாய்ப் போய் இரண்டாம் வாங்குப் பலகையில் இருப்பவர். பூசையில் குருவானவர் தரும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். அதை வாங்கக் கோயிலே வரிசையில் நிற்கும்போது அக்கா மட்டும் எழும்புவதில்லை. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

காரணம் எங்கள் மூத்த அண்ணை செபநாயகம். மகளின் கலியாணத்தை அக்கா அவரிடம் நேரில் போய்ச் சொல்லவில்லை. மகன் ஜெரிசனின் கையில் கார்டைக் கொடுத்துவிட்டார். கூடப்பிறந்தவருக்கு அப்படிச் சொல்வது சொல்லாததற்குச் சமம். அண்ணை வரவில்லை. தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் ஆருமில்லாமல் படம் எடுத்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒழுங்கை என்கிற ஒரு சின்னச் சந்துதான்.

சண்டையோடு நன்மை வாங்குவது பாவம் என்று சின்னவயதில் படித்ததை அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நன்மையை விட்டார், சண்டையை விடவில்லை. கேட்டால், கடவுள் சொன்னபடி நடக்கிறாராம்.

இந்தப் பங்குனியில் அண்ணைக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் என்றார்கள். வயது எழுபது, சீனி வருத்தம் வேறு. டொக்டர் ஒன்றுக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒஸ்லோவிலிருந்து லீவு எடுத்து ஓடிவந்தேன். பிளேனில் ஒரு பொட்டு நித்திரையில்லை. இவர்கள் கதைக்காமலே ஒருவர் போய்விட்டால், மற்றவரை நான் அங்கேயிருந்து போனில் எப்படித் தேற்றுவது?

வந்து பார்த்தால், அண்ணைக்காக அக்கா வெள்ளி தவறாமல் உபவாசம். நாளுக்கு மூன்று செபமாலை. ஒப்பரேசன் அன்றைக்கு அண்ணையின் பெயரில் ஒரு பூசை வைக்கவும் கோயிலில் எழுதிக்கொடுத்திருந்தார். ஒழுங்கையைக் கடப்பதைத் தவிர எல்லாம் நடந்தது. எனக்குத் தலை வெடித்தது.

"ஒருக்காப் போய்க் கதையுங்கோவன் அக்கா."

"அவருக்காண்டி மண்டாடுறது காணாதோ?"

"கடவுள் சண்டையைத்தான் விடச்சொன்னவர். நன்மையை விடச்சொல்லேல்லை."

"நோர்வேயிலை கோயில் வாசல் மிதியாத ஆள் எனக்கு ஞானோபதேசம் படிப்பிக்குது."

அது உண்மை. ஆனாலும் பூசை வைக்கும் பங்குச் சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். இளம் மனிதர்.

அடுத்தநாள் பூசை முடிந்ததும், அக்கா பூசைக்கு எழுதிக்கொடுத்த துண்டைச் சுவாமி அக்காவிடமே திருப்பி நீட்டினார்.

"இந்தப் பூசையை இப்ப வைக்கேலாது அம்மா. முதலிலை அண்ணையோடை கதைச்சுப்போட்டு வாங்கோ. பிறகு பத்தெண்டாலும் வைக்கிறன்."

வழிநெடுக அக்கா சுவாமியைத் திட்டிக்கொண்டு வந்தார். தன் மகனின் வயதுகூட இல்லையாம், செபத்தைத் திருப்பித் தருகிறாராம். வீட்டுப் படலையடியில் நிற்காமல், அந்த வேகத்திலேயே ஒழுங்கையைக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன். அடுத்தநாள் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டிய மனிதரின் நெஞ்சு இந்தச் சண்டையைத் தாங்குமா?

அண்ணை விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்தார். அக்கா வாசலிலேயே நின்றார்.

"சுவாமி அனுப்பினவர்," என்றார்.

"சுவாமி சொல்லாட்டி வந்திருக்கமாட்டாய்?"

"இல்லை."

அண்ணை பக்கத்துக் கதிரையைக் காட்டினார். "சரி, இரு."

"இருக்கச்சொல்லி அவர் சொல்லேல்லை," என்று சொல்லிக்கொண்டே அக்கா இருந்தார்.

மன்னிப்பென்று ஒரு சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. கார்டு விசயம் வந்தது. ஆர் முதலில் முகத்தைத் திருப்பியது என்று அரைமணித்தியாலம் பிடுங்குப்பட்டார்கள். பிறகு அக்கா அவருடைய மருந்துக் குளிசைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, எது எப்போது என்று கேட்டார். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. இதற்கா ஒன்பது வருடம்?

திரும்பும்போது, கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது? அப்பிடியேதான் கிடக்கு," என்றார் அக்கா. "நாளைக்கு ஆஸ்பத்திரியிலை அண்ணையோடை நான் நிக்கிறன். நீ போய்ப் படு."