மல்லி, கனகாம்பரம், மல்லி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. ஒரு ஆளுக்குச் சமைக்கிற வீட்டில் அதுதான் இன்னொரு ஆள். அது முனகுவதை நிறுத்தினால் வீடு திடீரென்று பெரிதாகிவிடுகிறது. வெங்காயக் கையோடு கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, புகாருக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. நல்ல குரல்தான். குளிர்ச்சி, திருத்தம் எல்லாம் இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. பேசுவது இயந்திரம் என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆகாது. அந்தத் தொழிலில் சோறு தின்றவள் நான். காத்திருக்கச் சொல்லிவிட்டு அது இசை போட்டது. விரலில் வெங்காய வாசம், காதில் அந்த இசை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்னால் வேறு எங்கேயும் நிற்க முடியாது, நேரே திண்டுக்கல்லுக்குப் போய்விடுவேன்.

வெங்காயப்பேட்டைப் பக்கம் ஒரு கிட்டங்கி இருந்தது. கீழே மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம், மாடியில் எங்கள் பயிற்சி மையம். ப்ளஸ் டூ முடித்துவிட்டோ முடிக்காமலோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வேலையில் சேர்த்துவிடுவார்கள். காலையில், தேர்வில் விட்ட பாடத்தைப் படிக்க வைப்பார்கள். மத்தியானம் எப்படி நிற்பது, எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது என்று பழக்குவார்கள். தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் அப்பா விளைவித்த வெங்காயமும் அந்தக் கிட்டங்கிக்குத்தான் வரும். பஸ் தவறிய நாட்களில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதே வண்டியில் வகுப்புக்குப் போயிருக்கிறேன். நேர்காணலுக்குப் போகிற அன்று எங்கள் எல்லார் உடுப்பிலும் வெங்காய வாசம் அடிக்கும் என்பதற்காகவே மேசையில் ஒரு பவுடர் டப்பா வைத்திருந்தார்கள். பவுடரும் வெங்காயமும் கலந்தால் வருகிற வாசம் இருக்கிறதே, அதற்கு வெங்காயமே தேவலை.

பிரபு சார்தான் எங்கள் பயிற்சியாளர். கழுத்தில் டை கட்டி, காலில் ரப்பர் செருப்பு போட்டு வருவார். எங்களுக்கு வேலை தேடித்தர வந்தவருக்கே அது ஒப்பந்த வேலை. நாங்கள் மாதிரித் தேர்வு எழுதும்போது அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வது என்று பழக்கினார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாதிப் பேர் தோட்ட வேலை என்று எழுதியிருந்தோம். சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எம்மா, ரெண்டு ஏக்கர் வெங்காயத்துக்குக் களை எடுக்கிறது பொழுதுபோக்கு இல்லம்மா. அது பொழப்பு."

அடுத்த நாள் எல்லாரும் அதை அடித்துவிட்டு இசை கேட்பது என்று மாற்றி எழுதினோம். முதலில் எழுதியதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

சகாயராணியை அங்கேதான் பிடித்தேன். அவள்தான் என்னைப் பிடித்தாள் என்று சொல்ல வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கிராமம் அவளுக்கு. வீட்டில் பூ விவசாயம். விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு ஒன்பது மணி வகுப்புக்கு வந்துவிடுவாள். வணிகக் கணிதத்தில் தோற்றிருந்தாள். வாய் மட்டும் ஏழு ஊருக்குக் காணும். எனக்கோ கணக்கில் நல்ல மதிப்பெண், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும். மூன்றாம் நாளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, நீ எனக்குக் கணக்கச் சொல்லிக்குடு. நா ஒனக்கு வாயைத் தொறந்து விடுறேன்."

அணிக்கோவைக் கணக்குதான் அவளுக்கு எமன். முதல் வரிசையை விரிக்கும்போது கூட்டல், கழித்தல், கூட்டல் என்று குறி மாறி வர வேண்டும். அந்த நடுக் கழித்தலை எப்போதும் விட்டுவிடுவாள். எல்லாம் சரியாகப் போட்டு விடையை மட்டும் தப்பாகக் கொண்டுவருவாள். ஒரு நாள் எரிச்சலில், "நீ சரம் கட்டுறப்ப எப்படிக் கட்டுவ? மல்லி, கனகாம்பரம், மல்லி. அப்படி நெனச்சுக்க" என்றேன். அதோடு சரி, அப்புறம் தப்பவே இல்லை. கணக்கைப் போடும்போது உதடு மல்லி, கனகாம்பரம், மல்லி என்று அசையும்.

என் வாயைத் திறக்க அவளுக்கு மொட்டைமாடி கிடைத்தது. போனில் பேசும் பயிற்சிக்காக சார் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார். ஒருத்தி மொட்டைமாடிக்குப் போய் வாடிக்கையாளராகக் கூப்பிட வேண்டும். இன்னொருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து கம்பெனிக்காரியாகப் பதில் சொல்ல வேண்டும். சகாயம் மேலே போனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆள். ஒரு நாள் பாலசமுத்திரத்துப் பெரியவர்: "ஏனுங் அம்மிணி, பொட்டியில படமே தெரியலீங்க, ஊட்ல நாடகம் பாக்கோணும்னு சண்டைங்க." இன்னொரு நாள் போனை மாற்றிப் பிடித்துக்கொண்டு கத்துகிற காது கேளாத கிழவி. நான் சிரித்துவிடுவேன். சார் கீழிருந்து அதட்டுவார்.

"குரல்ல சிரிப்புத் தெரியணும்மா, சத்தம் வரக் கூடாது. கூப்பிடுறது ஒங்க அம்மாவா இருந்தாலும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கக் கூடாது."

பேச்சை முடிக்கும்போது, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். கேட்காமல் வைத்தால் மதிப்பெண் போச்சு. நான் கேட்பேன். மேலேயிருந்து தினமும் ஒரே பதில்தான் வரும்.

"இருக்கு. கீழ வா, டீ குடிப்போம்."

பெரியவர், கிழவி, எல்லாருமே கடைசியில் அதைத்தான் சொல்வார்கள். தடதடவென்று இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் தயங்காமல் பேசுகிறேன் என்றால் அந்த மொட்டைமாடி போட்ட பிச்சை.

கோயம்புத்தூரில் ஒரு வாடிக்கையாளர் சேவைக் கம்பெனிக்கு எங்கள் இரண்டு பேரையும் எடுத்தார்கள். எனக்கு உடனே வேலை. அவளுக்கு, துணைத் தேர்வில் கணக்குப் பாஸானால் வேலை. அவள் வீட்டிலும் இந்தத் தேர்வு வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், தவறினால் கல்யாணம். பாஸானதும் ஒரே அறை எடுத்துத் தங்குவது என்று பேசிவைத்திருந்தோம். சன்னல் பக்கம் அவளுக்கு, சுவர்ப் பக்கம் எனக்கு என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது. பஸ் ஏற்றிவிட வந்தவளிடம், "தெனமும் போன்ல கணக்குச் சொல்லித் தாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

முதல் வாரம் சொல்லித் தந்தேன். அப்புறம் ஷிஃப்ட் மாறியது. விடுதி அறையில் நாலு கட்டில், நாலு பேருக்கும் நாலு நேரம். ஒருத்தி எழுந்திருக்கும்போது இன்னொருத்தி தூங்கப் போவாள். நாள் முழுக்க நூறு பேரிடம் பேசிவிட்டு வந்தால் சாப்டியா என்று கேட்க ஒரு ஆள் இருக்காது. அந்தத் தனிமையில் நான் அவளைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் கூப்பிட்டிருப்பது போனில் தெரியும். நாளைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று பத்து நாள் ஓடிப்போனது.

வேலைக்குள் நுழையும்போது சொந்தப் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோம். ஒரு நாள் மத்தியானம், மேற்பார்வையாளர் என் பின்னால் நின்று இன்னொரு ஹெட்செட்டில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அன்றைக்கு மதிப்பெண் போடுகிற நாள். ஒரு அழைப்பு வந்தது. வணக்கம் சொன்னேன்.

"ஏனுங் அம்மிணி, பொட்டியில படமே தெரியலீங்க."

சகாயம்தான். கம்பெனியின் இலவச எண்ணுக்கே கூப்பிட்டிருக்கிறாள். அந்த எண்ணில் கூப்பிட்டால் இருநூறு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் போகும். நான் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டேன்.

"நம்பரெல்லாம் இல்லீங்க." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பாலசமுத்திரத்துப் பெரியவர் போய்விட்டு அவளுடைய சொந்தக் குரல் வந்தது. "நாளைக்குப் பரீட்ச. நடுவுல வர்றது மல்லியா, கனகாம்பரமா?"

கனகாம்பரம். ஒரு வார்த்தைதான். மேற்பார்வையாளரின் சட்டை என் நாற்காலியில் உரசிக்கொண்டிருந்தது.

"மன்னிக்கவும். இது எங்கள் சேவை தொடர்பான கேள்வி இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது உறைத்தது. டீ குடிக்கக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன், நிஜமாகவே காத்திருந்தேன்.

"வேணாங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். சாயங்காலம் டீ நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, "ரெண்டு நாளா ஒரு பொண்ணு கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கொரலக் கேட்டதும் வச்சிருது" என்று சொல்லிச் சிரித்தாள். ஆமாம் என்று இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். கழிவறைக்குப் போய் அழுதேன். நடுவில் வருவது எது என்பது பூக்கட்டுகிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? பயமாக இருந்திருக்கிறது, என் வாயிலிருந்து ஒரு சொல் கேட்க வேண்டியிருந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து பெட்டியிலிருந்து போனை எடுத்துப் போட்டபோது அவளுடைய போன் அணைந்திருந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் தேடிப் போனேன். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். கழுத்தில் புதுத் தாலி. நான் எதிரில் போய் நின்றதும் சிரித்தாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க. எப்ப வந்தீங்க?"

அந்த 'வாங்க'வைக் கேட்டு எனக்கு உட்காரத் தோன்றவில்லை. பரீட்சை என்ன ஆயிற்று என்றேன்.

"போகலீங்க. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பயமா இருந்துச்சு. செத்த நேரம் உக்காந்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."

பின்னால் மேற்பார்வையாளர் நின்றதைச் சொன்னேன், மதிப்பெண்ணைச் சொன்னேன், திரும்பக் கூப்பிட்டதைச் சொன்னேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்கென்னங்க, நமக்கு அப்புடித்தானே சொல்லிக்குடுத்தாக. நீங்க சரியாத்தான் பேசுனீங்க."

அதற்குள் கடைப் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். குரலில் சிரிப்புத் தெரிந்தது, சத்தம் வரவில்லை. எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவள் அவள்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வேற ஏதாச்சும் வேணுமாங்க?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். எத்தனை நாள் படிக்கட்டில் உட்கார்ந்து காதால் கேட்ட பதில்! மார்க்கெட் வாசலில் டீக்கடைகூட இருந்தது. இந்த முறை என் பின்னால் எவரும் நிற்கவும் இல்லை. ஆனாலும், "இல்ல, சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வாய் திறக்க அவள் அம்புட்டுப் பாடுபட்டும் வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

அதன்பிறகு அவள் புருஷனோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எண்ணை மாற்றிவிட்டாள். பயிற்சித் திட்டம் முடிந்ததும் பிரபு சாருக்கும் வேலை இல்லாமல் போனது. கோயம்புத்தூர்க் கம்பெனியில் இருநூறு பேர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது இயந்திரம் பேசுகிறது, நாங்கள் கலைந்துபோனோம். கிட்டங்கியை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மொட்டைமாடி இருந்த உயரத்தில் சீரியல் விளக்கு தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த இசை நின்றது. என் புகாரைப் பதிவு செய்துகொண்டதாகக் குரல் சொன்னது. பிறகு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா, பதிலைச் சொல்லுங்கள் என்றது. சமையலறையில் ஆளில்லாத தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"இருக்கு. கீழ வா, டீ குடிப்போம்."

மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை என்றது.