கொழும்பிலிருந்து வந்த படம்

எங்கள் வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. அதனால் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்த என் கணவர், கடிதத்துக்குப் பதிலாக ஒரு பென்சில் படம் வரைந்து அனுப்பினார். தாள் முழுக்கத் தண்ணீர். நடுவே கப்பல்போல ஏதோ ஒன்று.

"ஐயோ, எம்மவன் இன்னும் தூரமாக் கப்பலேறப் போவுதான்!" என்று மாமியார் அழத் தொடங்கினார்.

நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரையில் மருதமரங்கள், படித்துறை!

"அத்தே, இது கடலில்ல, நம்ம ஆறு! இது கப்பலுமில்ல, ஆத்து நடுவுல குறுக்குத்துறைக் கோயில்லா முங்கிக் கெடக்கு! அது ஐப்பசி வெள்ளத்துலதான முங்கும், அப்ப அவுக வாராவ!" என்று கத்தினேன்.

ஐப்பசியில் ஆறு பெருகியபோது, நனைந்த மூட்டையோடு வந்து இறங்கினார்.

"படம் புரியுமோ புரியாதோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

படிக்காதவள் என்று கூசியே பழகிய நான், முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்: "நல்லா எழுதியிருந்திய."