தலை குனிந்த ராசா

மொன்றியலில் இருக்கும் மகள், சேர்பியர்களின் தேவாலய விழாவுக்கு என்னைக் கூட்டி வந்திருக்கிறாள். முற்றத்து மேசையில் அந்தக் காலத்துச் சேர்பியக் குதிரைப்படையின் ஈட்டி, தண்டாயுதம், இரும்பு வளையங்கள் கோத்த சட்டை எல்லாம் அதே மாதிரிச் செய்து வைத்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மேசையடியில் நிற்கும் தாடிக்காரர். யாழ்ப்பாணத்தில் நாட்டுக்கூத்துகளில் ராசா வேஷம் கட்டியவன் நான், விடுவேனா?

போட்டதும் தோள் இறங்குகிறது. மகள் படம் எடுத்து முடிப்பதற்குள் சலம் முட்டுகிறது, கழிப்பறைக்குப் போகவேண்டும். சீனி கூடிய சலரோகக்காரனுக்கு அது பொறுக்காது.

“முதுகில நாடாவை அவிழ் பிள்ளை, கெதியா!”

“நாடா இல்லையப்பா. இதென்ன உங்கட கூத்து அட்டைக் கவசமே?”

தாடிக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். மகள் தமிழில் சொல்கிறாள்.

“ராசாவெண்டாலும் குனிஞ்சு குலுக்கினாத்தான் கழலுமாம்.”

“சண்டைக்குள்ள அந்தக் குதிரைப்படைக்காரருக்கு முட்டினா?”

அதையும் கேட்டுச் சொல்கிறாள். “அப்பிடியே சட்டைக்குள்ளயே போவினமாம், அப்பா.”

எனக்கு அந்த வீரம் வேண்டாம். குனிந்து குலுக்குகிறேன். இரும்புச் சட்டை தலைவழியே சரசரவென்று விழுகிறது. இந்தக் கோடையிலும் குளிரென்று நான் போட்டிருந்த சுவெற்றரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

உள்பெனியனோடு கழிப்பறைக்கு ஓடுகிறேன். முற்றமே கைதட்டுகிறது. ராசாவாக ஆடிய காலத்தில் எனக்கு இவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை.