புள்ளியில் தொடங்கிய வரி

கம்ப்யூட்டர் பராமரிக்கிறவன் லீவு போடும் நாளைப் பார்த்துத்தான் மெஷின் படுத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் பரிசோதனைக் கூடம். அங்கே ஐந்து லினக்ஸ் மெஷின்களுக்கு நான் ஒருவனே ஆள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ‘மேன்’ என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேடு திரையில் விரியும். அதைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

வெளியே வரும் வழி

முதல் வாரம் கையேட்டுக்குள் போகத் தெரிந்தது, வெளியே வரத் தெரியவில்லை. என்டர் தட்டினால் ஒரு வரி நகரும். எஸ்கேப்புக்கு அசையவே அசையாது. மெஷினை அணைக்கப் பயம். திறந்ததை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு ஜன்னல் திறந்து வேலை பார்த்தேன். சனிக்கிழமைக்குள் பதினோரு ஜன்னல்கள். ‘க்யூ’ எழுத்தைத் தட்டினால் மூடிவிடும் என்பது கை தவறி அதில் பட்டபோதுதான் தெரிந்தது.

அதற்குள் பக்கத்து மேஜையில் அமிலம் சோதிக்கும் ஆரோக்கியதாஸ் எட்டிப் பார்த்துவிட்டான். “என்ன மச்சான், ஒரு வாரமா ஒரே பக்கத்தப் படிக்கிற? மனப்பாடப் பகுதியா?”

இரண்டு முறை அடித்த தலைப்பு

வீடு சிதம்பரத்தில். அச்சடித்துப் பஸ்ஸில் படிக்கலாம் என்று ஒரு கையேட்டைக் கோப்பாகச் சேமித்தேன். திறந்து பார்த்தால் தலைப்புகளில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாக இருந்தது, நடுவில் ஏதோ ஒரு குறி. பழுது என்று நினைத்து இரண்டு நாள் டீ நேரத்தில் ஒவ்வொன்றாக அழித்தேன். அலுத்துப்போய் மீதியை அப்படியே விட்டு, முழுக் கோப்பையும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பினேன். அது ஒரு எழுத்தை அடித்து, பின்னால் நகர்ந்து, அதன் மேலேயே மறுபடி அடித்தது. தலைப்பு கன்னங்கரேலென்று எழுந்து நின்றது. நான் திருத்திய பக்கங்கள்தான் சோகை பிடித்திருந்தன.

வீட்டில் என் மனைவி வளர்மதி அந்தக் காகிதங்களைப் புரட்டினாள். கடைசியில் ‘குறைகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். கருவியை எழுதியவரே அதன் கோளாறுகளைச் சொல்லியிருப்பார். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள்: “தன் குறையத் தானே எழுதி வச்சிருக்காரே. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களும் இப்படி ஒரு பக்கம் குடுத்திருக்கலாம்ல?”

லீவுக்கு ஒரு பக்கம்

பல வருஷம் கழித்து அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. திங்களும் வியாழனும் சிதம்பரத்தில் டயாலிசிஸ், நான்கு மணி நேரம். கூட இருக்க என்னைத் தவிர ஆள் இல்லை. மேனேஜர் ஒன்றுதான் கேட்டார்: நீ வராத நாளில் மெஷினை யார் ஓட்டுவது?

மெஷினைக் கிளப்புவதிலிருந்து சரக்குக்குச் சோதனைச் சீட்டு அச்சிடுவது வரை காலை வேலை முழுவதையும் ஒரு கையேட்டுப் பக்கமாக எழுதினேன், ஆங்கில எழுத்தில் தமிழ். தலைப்பு, விளக்கம், குறைகள் எல்லாம் முறைப்படி. ஆரோக்கியதாஸ் இரண்டு முறை படித்து, தானே ஓட்டிப் பார்த்தான். “நீ தங்கச்சியப் பாத்துக்க, இத நான் பாத்துக்கறேன். என்ன, இந்தத் தமிழப் படிச்சா கண்ணுதான் வலிக்குது மச்சான்.”

காணாமல் போன வரி

மூன்றாவது வியாழக்கிழமை. வளர்மதியின் கையில் ஊசி ஏற்றி ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. ஆரோக்கியதாஸ் போன் செய்தான். முந்தின நாள் ராத்திரி கரண்ட் போனதில் பாதியில் நின்ற சோதனைச் சீட்டு வேலை, மெஷினை மறுபடி போட்டும் கிளம்ப மறுக்கிறது. சோதனைச் சீட்டு இல்லாமல் வாசலில் லாரி நிற்கிறது. மேனேஜர் என்னைப் புறப்பட்டு வரச் சொல்கிறார். போனால் இவள் தனியாகக் கிடக்க வேண்டும். அடுத்த வாரம் லீவும் கிடைக்காது.

“கரண்ட் போனா பூட்டுக் கோப்ப அழிக்கணும்னு எழுதியிருக்கேனே?”

“அப்படி ஒரு வரியே இல்ல மச்சான். மூணு வாட்டி படிச்சிட்டேன்.”

அப்போதுதான் உறைத்தது. வேலை ஓடும்போது வேறு யாரும் குறுக்கே வராமலிருக்க மெஷின் போட்டுக்கொள்ளும் பூட்டு அந்தக் கோப்பு; அதன் பெயரே புள்ளியில் தொடங்கும். நான் அந்தப் பெயரைக் கொண்டே வரியைத் தொடங்கியிருந்தேன். கையேட்டைக் காட்டும் கருவிக்கு, வரியின் முதலில் புள்ளி வந்தால் அது தனக்கிட்ட உத்தரவு. புரியாத உத்தரவென்றால் சத்தமில்லாமல் வரியையே விழுங்கிவிடும். கையேடாகப் பார்க்காமல், எழுதியது எழுதியபடி கோப்பைத் திறக்கச் சொன்னேன். வரி அங்கே பத்திரமாக இருந்தது; அதன்படி பூட்டை அழித்தான். கால் மணி நேரத்தில் லாரி கிளம்பியது. நான் வர வேண்டாம் என்று மேனேஜரிடமிருந்து தகவல் வந்தது.

கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வளர்மதி சொன்னாள்: “அந்தக் குறைகள்ல இதையும் சேத்துடுங்க. அடுத்த வியாழக்கிழமையும் நீங்க இங்கதான் இருக்கணும்.”

சேர்த்தேன், அவள் போய் ஆறு வருஷமாகிறது, இப்போது அந்தப் பக்கத்தைப் படித்து யார் வேண்டுமானாலும் மெஷினை ஓட்டிவிடலாம் என்பதால் எனக்கு லீவு தாராளமாகக் கிடைக்கிறது.