தேடல் பெட்டியின் வாயை அடைத்தவர்

யார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் அவர்கள் நாற்காலியில் செட்டிங்ஸ் சார் உட்கார்ந்துவிடுவார். பிரவுசரில், நாம் அடிக்க அடிக்கத் தானாக வரிகளை நீட்டுகிற வசதியைத் தேடிப்பிடித்து அணைப்பார். "கேக்கறதுக்கு முன்னாடியே முந்திரிக்கொட்டை மாதிரி வந்து நிக்குது. வாயை அடைச்சுட்டேன்" என்பார்.

சரக்குக் கிடங்கின் கணக்குப் பிரிவில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. சட்டைப்பையில் கண்ணாடி துடைக்கும் துணி வைத்திருப்பார். கேட்காமலே எங்கள் திரைகளையும் துடைத்துவிடுவார். அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பழக்கம் தொடங்கியது வீட்டில். மனைவிக்கு வந்திருப்பது தேறாத நோய் என்று டாக்டர் இவரிடம் மட்டும் சொன்னார். இவர் மனைவியிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தார். அன்றைக்கே வீட்டுக் கம்ப்யூட்டரில் பரிந்துரைகளை அணைத்தார். அதுவும் போதாதென்று, எதை அடித்தாலும் அந்த அம்மாவுக்குப் பிடித்த தையல் தளத்துக்குள் மட்டுமே தேடும்படி மாற்றிவைத்தார்.

"வலின்னு போட்டா சட்டைக் கழுத்து வருதுங்கன்னு சிரிக்கிறா" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லித் தொலையுங்களேன் என்றேன்.

"சொல்லி? ரெண்டு பேரும் உக்காந்து அழவா? ஒருத்தர் போதும்."

அந்த ஒருத்தர் அலுவலகத்தில் வேலைக்கு நடுவே அந்த நோயையே தேடிக்கொண்டிருப்பார். எத்தனை மாதம், வலி எப்படி வரும், வேறு வழி உண்டா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே பதில். "ஒருத்தனாவது மாத்திச் சொல்றானா பாரு" என்று முணுமுணுப்பார்.

நேற்று, முன்பு படித்த பக்கம் ஒன்றைத் திரும்பப் பார்க்க ஹிஸ்டரியைத் திறந்தார். வீட்டிலும் இங்கும் பிரவுசரில் அவருக்கு ஒரே கணக்கு. இங்கே தேடுவது அங்கே தெரியும், அங்கே தேடுவது இங்கே தெரியும். ஊருக்கெல்லாம் செட்டிங்ஸ் மாற்றிய மனிதருக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. அவருடைய தேடல்களுக்கு மேலே, அவர் வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு, தையல் தளத்தைத் தாண்டி வெளியே போய் யாரோ தேடிய இரண்டு வரிகள் இருந்தன.

‘சமையலே தெரியாத ஆண்களுக்கு எளிய சமையல்’

‘ஒரு ஆளுக்கு மட்டும் எவ்வளவு அரிசி’

அந்த அம்மா எல்லாவற்றையும் படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் சட்டைக் கழுத்து என்று சிரித்திருக்கிறார்.

நான் பார்ப்பதைச் சார் கவனித்தார். திரையில் அந்த இரண்டு வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.