நாலே முக்கால் கிலோ

மைசூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கும் ஜூலிக்கு, 'கொழுகொழு குழந்தை' என்று யாராவது சொன்னாலே பற்றிக்கொண்டு வரும். எடையை ஊருக்கெல்லாம் சொல்லி மைசூர்பாக் கொடுப்பார்கள். அந்த எடையைப் பெற்றவள் பட்ட பாட்டை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு பேசுகிறவள் சொந்த வீட்டிலேயே ஏமாந்தாள். தம்பி மெர்வினின் மனைவி ஸ்வீட்டிக்கு ஆறாம் மாதம் சர்க்கரை பரிசோதனை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஜூலியே கையில் கொடுத்து, "முழுசாக் குடி" என்று சொல்லி, மெர்வினைத் துணைக்கு விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினாள். ரிப்போர்ட் நன்றாக வந்தது. அதை நம்பி, வயிறு அளவுக்கு மீறிப் பெரிதானபோதும் பேசாமல் இருந்துவிட்டாள்.

பிரசவத்தில் தலை வந்தது, தோள் சிக்கிக்கொண்டது. குழந்தையின் முகம் நீலம் பாரித்தது. ஸ்வீட்டியின் முழங்கால்களை மார்போடு மடக்கிப் பிடித்தார்கள். ஜூலி அடிவயிற்றை அழுத்த, டாக்டர் சௌம்யா உள்ளே கைவிட்டுத் தோளைத் திருப்பினார். மூன்று நிமிஷம் கழித்துக் குழந்தை அழுதது. அதன் வலது கை மட்டும் துவண்டு கிடந்தது.

வெளியே மெர்வின் போனில் கத்திக்கொண்டிருந்தான். "நாலே முக்கால் கிலோ! சிங்கக்குட்டி!"

ஒரு மணி நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியது. வயிற்றுக்குள் தாயின் அதிகச் சர்க்கரைக்குப் பழகிய குழந்தைக்குத்தான் வெளியே வந்ததும் இப்படி இறங்கும்; தாய்க்குச் சர்க்கரை இருந்திருக்கிறது என்று ஜூலிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"அந்த ரிப்போர்ட் எப்படிடா நல்லா வந்துச்சு?"

மெர்வின் தலையைச் சொறிந்தான். "அக்கா, அவ்ளோ சக்கரைத் தண்ணி குடிச்சா யாருக்குத்தான் சுகர் ஏறாது? சும்னே வீணா ரிப்போர்ட் கெட்டுப்போகும்னு முக்காவாசியை வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்."

"படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க! ஏறுதா, எவ்ளோ ஏறுதுன்னு பார்க்கத்தானடா அதைக் குடுக்கிறதே!" கன்னத்தில் அறைய ஓங்கிய கையை ஜூலி பாதியில் இறக்கினாள். பக்கத்திலேயே நிற்காமல் போனவள் தான்தானே என்ற எரிச்சல் அவளை இன்னும் தின்கிறது.

இப்போது டம்ளர் காலியாகும்வரை எந்தக் கர்ப்பிணியை விட்டும் அவள் நகர்வதில்லை. வார்டில் அவளுக்குப் 'பிடாரி' என்று பெயர். அதற்கெல்லாம் அவள் கவலைப்படுவதில்லை.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. மெர்வின் தினமும் வலது பக்கமாக உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டுகிறான். பிள்ளை சிரித்துக்கொண்டே உடம்பைத் திருப்பி, இடது கையை நீட்டுகிறது.